கிராணி மாமாவின் செக்ரோலும் ஒரு சிடி பர்னரும்

2004 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கிராணி மாமா வீட்டிலிருந்து போன் வந்தது. "தம்பி, புது பர்னர் ஒன்னு வாங்கணும். எது நல்லதுன்னு நீயே பார்த்துச் சொல்லு." பர்னர் என்றால் வெற்றுச் சிடியில் பாட்டு எழுதும் கணினி டிரைவ். கேள்வி இவ்வளவுதான். பதில் சொல்ல எனக்கு மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரத்தில் எழுதி வைத்த நோட்டு அண்மையில் வீடு மாற்றும்போது கைக்குக் கிடைத்தது. அதை வைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

ஊர் மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். எங்களுக்கு அது இன்றும் பெர்ஜுந்தைதான். சுற்றிலும் ஒரு காலத்தில் ரப்பர், பிறகு செம்பனை. நான் பகலில் எண்ணெய் ஆலையில் வேலை பார்த்தேன். மாலையில் தாமான் எனும் குடியிருப்பு வீடுகளுக்குப் போய்க் கணினி பழுது பார்ப்பேன். கிராணி மாமா பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருடத்துக்கு மேல் ஆபீஸ் கிராணியாக, அதாவது எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். எனக்குச் சொந்தமில்லை. ஆனால் தோட்டத்தில் பிறந்த பிள்ளைகள் எல்லாருக்கும் அவர் மாமாதான்.

அந்தத் தோட்டம் கைமாறி, லயங்கள் எனும் தொழிலாளர் வரிசை வீடுகள் ஒவ்வொன்றாகக் காலியாகிக்கொண்டிருந்த நேரம் அது. 58 குடும்பம் ரவாங், கிள்ளான், பூச்சோங் என்று சிதறிப் போயிருந்தது. பழைய இடத்தில் மாரியம்மனுக்கு நடக்கப் போகும் கடைசி ஆடித் திருவிழாவுக்கு எல்லாரும் வருவதாகப் பேச்சு. தோட்டத்துப் பஜனைக் குழு 1980களில் பாடிய பாட்டுகள் பதினொரு கேசட்டில் மாமாவிடம் இருந்தன. அவற்றைச் சிடியாக்கி, வருகிற குடும்பம் ஒவ்வொன்றின் கையிலும் ஒன்று கொடுக்க வேண்டும் என்பது அவர் ஆசை. தேதிக்கு ஐந்து வாரம் இருந்தது.

வீட்டில் கணினி இருந்தது, பர்னரும் இருந்தது. பசார் மாலாமில், அதாவது இரவுச் சந்தையில், 25 வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) வாங்கிய 50 வெற்றுத் தட்டுக் கட்டில் 25ஐப் போட்டுப் பார்த்ததில் 11 வீணாகிப் போயிருந்தது. நன்றாகப் பதிவான சிலவும் வேறு வீட்டுப் பெட்டியில் பாட மறுத்தன. அதனால்தான் போன்.

பழைய பர்னர்

யாராவது "எதை வாங்கலாம்" என்று கேட்டால், இருப்பது ஏன் கெட்டது என்று பார்க்காமல் நான் பதில் சொல்வதில்லை. பழையதைக் கெடுத்தது எதுவோ அது புதியதையும் கெடுக்கும்.

கணினி 2000இல் வாங்கியது. இபிஎஃப் எனும் ஊழியர் சேமநிதிப் பணத்தை எடுத்துக் கணினி வாங்க அனுமதி இருந்த நேரம். பென்டியம் 3, 733 மெகாஹெர்ட்ஸ், 20 ஜிபி வன்தட்டு. விண்டோஸ் எக்ஸ்பி பிறகு ஏற்றியது. பர்னர் 8எக்ஸ் வேகம் (பாட்டு ஓடும் வேகத்தைப் போல எட்டு மடங்கு), 2எம்பி பஃபர் (எழுத வேண்டிய தரவைத் தேக்கி வைக்கும் நினைவகம்). பஃபர் வற்றினால் காப்பாற்றும் வசதி எதுவும் அதில் கிடையாது. அந்த வசதியைச் சான்யோ 2000 வாக்கில் பர்ன்-ப்ரூஃப் என்ற பெயரில் கொண்டு வந்தது. இந்த டிரைவ் அதற்குச் சற்று முந்தியது.

பஃபர் வற்றுவது என்றால் என்ன என்று டீச்சர் அக்கா கேட்டார். மாமாவின் மூத்த மகள், தமிழ்ப்பள்ளி ஆசிரியை. வாசலைக் காட்டினேன். இழைக் கோலம் போடும்போது கையில் மாவு தீர்ந்தால் இழை அறுந்துவிடும். பர்னரின் லேசரும் அப்படித்தான் நடுவில் தொடங்கி வெளியே சுற்றிக்கொண்டே ஒரே இழையாக எழுதிப் போகிறது. வன்தட்டிலிருந்து தரவு வரத் தாமதமானால் பஃபரில் இருப்பதை வைத்துச் சமாளிக்கும். 8எக்ஸில் பாட்டுத் தட்டு எழுதும்போது நொடிக்கு 1.4 எம்பி போகும். 2எம்பி பஃபர் ஒன்றரை நொடிக்குள் காலி. அதற்குள் தரவு வரவில்லை என்றால் இழை அறும், தட்டு குப்பைக்கு. புதிய டிரைவ்கள் கைதேர்ந்த பெண்கள் போல. மாவு தீர்ந்த புள்ளியை நினைவில் வைத்து, மீண்டும் மாவெடுத்து அதே புள்ளியில் இழையைத் தொடரும். அக்கா சிரித்துவிட்டு, "என் கோலம் பழைய மாடல்" என்றார்.

சரி, தரவு ஏன் தாமதமாக வருகிறது? பெட்டியைத் திறந்தேன். உள்ளே இரண்டு பல்லி முட்டை. வன்தட்டும் பர்னரும் ஒரே பட்டைக் கேபிளில் தொங்கின. அந்தக் கேபிள் மடிப்பில் கசங்கி வெளுத்திருந்தது. எக்ஸ்பியில் ஒரு குணம் உண்டு. கேபிள் வழியாக வரும் தரவில் பிழையோ தாமதமோ ஆறு தடவைக்கு மேல் சேர்ந்துவிட்டால், அது புராசசரைச் சுமக்க வைக்காமல் தரவை நகர்த்தும் டிஎம்ஏ முறையை விட்டுவிட்டு மெதுவான பிஐஓ முறைக்கு இறங்கிவிடும். யாரிடமும் சொல்லாது, தானாக மேலேயும் ஏறாது. பார்த்தால் அப்படித்தான் இறங்கிக் கிடந்தது. ஒவ்வொரு பைட்டையும் புராசசரே சுமந்து கொண்டு போய்க் கொடுக்கும் நிலை.

புதிய கேபிள் இரண்டு. வன்தட்டு ஒன்றில், பர்னர் மற்றொன்றில், இரண்டும் மாஸ்டர். டிவைஸ் மேனேஜரில் அந்தக் கேபிள் மாட்டும் ஐடிஇ சேனலை நீக்கிவிட்டுக் கணினியை மறுபடி இயக்கினேன். டிஎம்ஏ திரும்பியது. செலவு 12 வெள்ளி. பஃபர் வற்றும் பிழை அன்றோடு போயிற்று. இதைப் படிக்கிற யாராவது அந்தக் காலத்துக் கணினியை இன்னும் வைத்திருந்தால், பர்னர் வாங்கும் முன் இதைப் பாருங்கள். கடைக்குத் திரும்பி வந்த பர்னர்களில் எத்தனைக்கு இந்தக் கேபிள்தான் காரணமோ!

ஆனால் கதை அங்கே முடியவில்லை. மறுநாள் புதிய பிழை ஒன்று வந்தது: பவர் காலிபரேஷன் எரர்.

சிடி-ஆர் தட்டின் உட்பக்க ஓரத்தில், பாட்டு தொடங்கும் இடத்துக்கும் உள்ளே, ஒரு சிறிய வளையம் ஒதுக்கி வைத்திருப்பார்கள். எழுதத் தொடங்கும் முன் பர்னர் அதில் லேசர் சக்தியைக் கூட்டிக் குறைத்துச் சோதித்துப் பார்க்கும். தோசைக் கல் சூடு பார்க்க முதலில் ஒரு குட்டித் தோசை ஊற்றுவோமே, அதேதான். எந்தச் சக்தியில் எழுதினாலும் சரியான தடம் விழவில்லை என்றால் இந்தப் பிழையைச் சொல்லிவிட்டு நின்றுவிடும். காரணம் இரண்டு. ஒன்று தட்டு மோசம். இல்லையென்றால் லேசருக்குத் தெம்பில்லை. நல்ல தட்டு இரண்டு போட்டுப் பார்த்தேன், அதே பிழை. அப்படியானால் லேசர்தான்.

நான்கு வருடத்தில் லேசர் ஏன் சோர்ந்தது என்பது புரியாமல் டிரைவைக் கழற்றி மூடியைத் திறந்தேன். லென்ஸ் மேல் பழுப்பாக ஒரு படலம். விரலில் பட்டால் பிசுபிசுத்தது. விசிறி இறக்கைகளிலும் அதே படலம். மோந்து பார்த்தேன், சாம்பிராணி வாசம்!

கணினி மேசை கூடத்தில் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்தது. தினமும் ஊதுபத்தி, கற்பூரம். வெள்ளிக்கிழமை சாம்பிராணி. கணினியின் பின்பக்க விசிறி காற்றை வெளியே தள்ளும்போது முன்பக்கத்தில் எங்கெங்கே இடுக்கு இருக்கிறதோ அங்கிருந்தெல்லாம் காற்றை உள்ளே இழுக்கும். டிரைவின் தட்டு வெளியே வரும் வாயைவிடப் பெரிய இடுக்கு அந்தப் பெட்டியில் வேறில்லை. நான்கு வருடமாக மாமா வீட்டு அம்மனுக்குப் போட்ட புகையில் பாதியை அந்த லென்ஸ் குடித்திருக்கிறது. தோட்டத்துச் செம்மண் தூசியும் அதில் ஒட்டிக்கொண்டது.

பஞ்சில் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்டுத் துடைத்தேன். அதற்குப் பிறகு ஐந்து தட்டில் மூன்று நன்றாக எழுதியது. மறுநாள் பழையபடி பிழை. இனி அதை நம்ப முடியாது. ஆகவே புதியது வேண்டும் என்பது உறுதி. கணினியை இடம் மாற்றினால்தான் வாங்கித் தருவேன் என்று நிபந்தனை போட்டேன். மாமாவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்தான். சாமி பக்கத்தில் இருந்தால் நல்லது என்றுதான் அங்கே வைத்தாராம். அக்கா அன்றே மேசையை ஜன்னல் பக்கம் நகர்த்திவிட்டார்.

செக்ரோல்

இதற்கிடையில் எதை வாங்குவது என்று வீட்டில் இரண்டு கட்சி. அக்காவுக்கு டிவிடி பர்னர் வேண்டும். "இன்னும் ரெண்டு வருஷத்துல எல்லாரும் டிவிடிக்குப் போயிருவாங்க, இப்பப் போய் சிடி பர்னர் வாங்குவாங்களா?" தீமிதித் திருவிழா வீடியோவையும் சேர்த்துப் போடலாம் என்பது அவர் யோசனை. மாமாவுக்கு அதெல்லாம் கணக்கில்லை. "போட்டா எல்லார் வீட்லயும் பாடணும். பாடலன்னா அவனவன் எனக்குத்தான் போன் அடிப்பான்."

எல்லார் வீட்டிலும் என்றால் அங்கே என்ன பெட்டி இருக்கிறது? நான் இதைச் சாதாரணமாகத்தான் கேட்டேன். மறுநாள் போனபோது மாமா ஒரு நீளமான நோட்டைத் தூக்கி முன்னால் போட்டார். தோட்டத்தில் பிறந்தவர்களுக்குச் செக்ரோல் என்றால் சொல்ல வேண்டியதில்லை. காலைப் பெரட்டில் (வேலைக்கு முன் ஆள் எடுக்கும் கூட்டத்தில்) யார் வந்தார், யார் வரவில்லை, எந்த மலை (வேலை செய்யும் பகுதி), எத்தனை கிலோ என்று எழுதும் ஆள் கணக்குப் புத்தகம். மாமா முப்பது வருடம் எழுதிய கை. அதே கோடு, அதே கட்டம். 58 வீட்டுக்கும் போன் போட்டு, பெயர், இப்போது இருக்கும் ஊர், போன் எண், வீட்டில் இருக்கும் பெட்டி என்று நான்கு பத்தியில் நிரப்பியிருந்தார். கடைசியில் "பாடியதா" என்று ஐந்தாவது பத்தி, காலியாக.

கூட்டிப் பார்த்தோம். 31 வீட்டில் விசிடி பிளேயர். 14 வீட்டில் பாட்டு மட்டும் பாடும் சிறிய மினி கம்போ மட்டும். 6 பேர் லோரியிலும் வேனிலும் கேட்பவர்கள். 4 வீட்டில் கணினி. டிவிடி பிளேயர் வைத்திருந்தது மூன்றே வீடு.

எதை வாங்குவது என்ற கேள்வி அந்தப் பக்கத்திலேயே முக்கால்வாசி முடிந்துவிட்டது. 58 பெட்டியும் வாசிக்கும் ஒரே பொருள் சாதாரணப் பாட்டுச் சிடி. எம்பி3 ஆக மாற்றினால் பதினொரு மணி நேரப் பாட்டையும் ஒரே தட்டில் அடைத்துவிடலாம், 128 கேபிபிஎஸ் தரத்தில் 640 எம்பிக்குள் அடங்கும். எனக்கு அதில் ஆசை இருந்தது. ஆனால் அந்த 14 மினி கம்போவும் அதைப் பார்த்து முழிக்கும். வீடியோ போட்டால் விசிடியாகத்தான் போட வேண்டும், அப்போதும் மினி கம்போக்காரர்களுக்கும் லோரிக்காரர்களுக்கும் ஒன்றும் கிடைக்காது. ஆகவே பாட்டு மட்டும். பதினொரு கேசட்டிலிருந்து மாமா 17 பாட்டைத் தேர்ந்தார். 64 நிமிடம்.

டிவிடி பர்னரைப் பற்றி அக்கா சொன்னது தவறில்லை. அப்போதைய விலைதான் ஒத்துவரவில்லை. 350 வெள்ளிக்கு மேல் கேட்டார்கள். 20 ஜிபி வன்தட்டில் ஒரு 4.7 ஜிபி டிவிடிக்கு இடம் ஒதுக்கினாலே மூச்சு முட்டும். வீடியோவை டிவிடிக்கு ஏற்றபடி மாற்ற அந்தப் பென்டியம் 3 இரவெல்லாம் உழைக்கும். விலை எப்படியும் விழும், அதுவரை பொறுப்போம் என்றேன். மனமில்லாமல் ஒத்துக்கொண்டார்.

லோ யாட்டில்

ஒரு சனிக்கிழமை அக்காவும் நானும் பஸ் ஏறிக் கோலாலம்பூர் புடு ராயாவில் இறங்கி, வெயிலில் நடந்து கணினிக் கடைகள் நிறைந்த லோ யாட் பிளாசாவுக்குப் போனோம். மாமா கொடுத்து அனுப்பியது 200 வெள்ளி, தட்டு வாங்கவும் சேர்த்து.

கண்ணாடிப் பெட்டியில் இருந்தவற்றைச் சுருக்கமாகச் சொல்கிறேன். சிடி மட்டும் எழுதும் 52எக்ஸ் டிரைவ்கள் 95 முதல் 120 வெள்ளி. சிடி எழுதி டிவிடி வாசிக்கும் காம்போ டிரைவ் 165. வெளியே வைத்து யூஎஸ்பியில் செருகும் பர்னர் அதைவிட விலை. யூஎஸ்பி வகையை உடனே ஒதுக்கினேன். மாமா கணினியில் இருந்தது யூஎஸ்பி 1.1. நொடிக்கு 12 மெகாபிட் என்பது ஏட்டளவில்தான், நடைமுறையில் 1எம்பி சொச்சம் வந்தால் அதிகம். ஆறு எக்ஸைத் தாண்டாது. 52எக்ஸ் டிரைவை வாங்கி அதில் மாட்டுவது ஒற்றையடிப் பாதையில் லோரி ஓட்டுவது போல. காம்போவில் எங்களுக்குப் பயன் தரும் கூடுதல் வசதி எதுவும் இல்லை.

பெட்டியில் பெரிதாக 52எக்ஸ் 32எக்ஸ் 52எக்ஸ் என்று மூன்று எண். முதலாவது ஒரு தடவை எழுதும் சிடி-ஆருக்கு, இரண்டாவது அழித்து எழுதும் சிடி-ஆர்டபிள்யூவுக்கு, மூன்றாவது வாசிப்புக்கு. ஒரு எக்ஸ் என்பது தரவுக் கணக்கில் நொடிக்கு 150 கேபி. ஆனால் 52எக்ஸ் டிரைவ் தட்டு முழுவதையும் அந்த வேகத்தில் எழுதுவதில்லை. தட்டை ஒரே சீராகச் சுற்றும், நிமிடத்துக்குக் கிட்டத்தட்ட 10,000 சுற்று. உட்பக்கம் சுற்றளவு குறைவு, அதனால் அங்கே இருபத்துச் சொச்சம் எக்ஸில் தொடங்கி, வெளி ஓரத்தை எட்டும்போதுதான் 52ஐத் தொடும். எங்கள் 64 நிமிடப் பாட்டு அந்த ஓரத்துக்கே போகாது.

கடைப் பையன் டிவிடியைத்தான் தள்ளினான். சிடி பர்னர் இனி யார் வாங்குகிறார்கள் என்று மலாயில் கேட்டான். அக்கா என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

அங்கே எனக்கே ஒரு சபலம் வந்தது. பழைய பொருள் வைத்திருந்த மூலையில் ஒரு யமஹா சிஆர்டபிள்யூ-எஃப்1. பாட்டுச் சிடி எழுதுவதற்கென்றே அதில் ஆடியோ மாஸ்டர் என்ற முறை உண்டு. தட்டில் விழும் தடங்களைச் சற்று நீட்டி எழுதும். தடம் நீளமானால் பழைய பிளேயருக்கு வாசிக்கச் சுலபம், ஆனால் இடம் குறையும்: 80 நிமிடத் தட்டில் 68 நிமிடம்தான் கொள்ளும். எங்களுக்கோ 64. அளவெடுத்துத் தைத்தது போல! கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஆனால் யமஹா 2003இலேயே சிடி பர்னர் தொழிலை விட்டு விலகிவிட்டது. இது முன்பு யார் வீட்டில் எந்தச் சாமி மேடைக்குப் பக்கத்தில் இருந்ததோ தெரியாது. ஏழு நாள் உத்தரவாதம் என்றார்கள். கீழே வைத்துவிட்டேன். இன்றுவரை அதை நினைத்தால் மனசு கொஞ்சம் உறுத்தும்.

கடைசியில் வாங்கியது லைட்-ஆன் 52எக்ஸ், 105 வெள்ளி, ஒரு வருட உத்தரவாதம். அதைத் தேர்ந்ததற்கு வேகம் காரணமில்லை, அந்த வரிசையில் இருந்த எல்லாமே 52எக்ஸ்தான். பஃபர் வற்றினால் நின்று தொடரும் வசதியும் எல்லாவற்றிலும் இருந்தது. லைட்-ஆனில் கூடுதலாக இருந்தது ஒரு வசதி: எழுதிய தட்டை அதே டிரைவில் போட்டுப் பிழைகளை எண்ணிப் பார்க்கலாம். தட்டு எழுதும் மென்பொருளான நீரோவோடு வரும் சிடி ஸ்பீட் நிரலில் சி1, சி2 என்று கோடு வரைந்து காட்டும். சிடியில் பிழை திருத்தம் இரண்டு அடுக்கு. முதல் அடுக்கே சரிசெய்துவிடும் சிறு பிழைகள் சி1, அவை எந்தத் தட்டிலும் இருக்கும். அதையும் தாண்டி வருபவை சி2. சி2 தென்பட்டால் நல்ல பெட்டி சமாளிக்கும், பழைய பெட்டி துள்ளும். 58 வீட்டுக்குப் போகிற தட்டை அனுப்பும் முன்பே எங்களால் பார்க்க முடியும் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

மீதிப் பணத்தில் தட்டு. பசார் மாலாம் கட்டுக்கு முழுக்குப் போட்டுவிட்டு, அடிப்பக்கம் கரு நீலமாக இருக்கும் வெர்பாட்டிம் தட்டு 65 வாங்கினோம், ஒன்று 1 வெள்ளி 20 காசு. அந்த நீலம் ஏசோ என்ற சாயத்தின் நிறம். லேசர் சுட்டுத் தடம் பதிப்பது இந்தச் சாயத்தில்தான். உறையில் எந்தப் பெயர் அச்சடித்திருந்தாலும் உள்ளே இருக்கும் தட்டைச் செய்தது யார் என்பது தட்டிலேயே ஏடிஐபி என்ற குறிப்பில் இருக்கும், நீரோ அதை வாசித்துக் காட்டும். பசார் மாலாம் தட்டில் அந்த இடத்தில் வந்த பெயரை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்த்ததில்லை.

105ம் 78ம் போக, மிச்சம் 17 வெள்ளி. ஆளுக்கொரு ரொட்டி சானாய், தே தாரிக். பஸ்.

பதிவு

புதிய டிரைவை மாட்டியதும் கூட்டமாக எழுதத் தொடங்கவில்லை. ஒரே பாட்டுத் தொகுப்பை 8, 16, 40, 52 எக்ஸில் நான்கு நீலத் தட்டில் எழுதிச் சோதித்தேன். 52இல் வெளி ஓரத்தை நெருங்க நெருங்க சி1 ஏறியது. 8க்கும் 16க்கும் வித்தியாசம் இல்லை, சொல்லப்போனால் 16தான் ஒரு துளி நன்றாக இருந்தது. மெதுவாக எழுதினால் எப்போதும் நல்லது என்று பலர் நம்புகிறார்கள். வேகத்துக்கென்று செய்த சாயத்தை ரொம்ப மெதுவாகச் சுட்டாலும் தடம் கெடும். பசார் மாலாம் தட்டு மிச்சமிருந்ததில் ஒன்றை 16இல் எழுதிப் பார்த்தேன். ஐம்பதாவது நிமிடத்துக்கு மேல் சி2 கொத்துக் கொத்தாக வந்தது. முதலில் பதிவான தட்டுகள் மற்ற வீடுகளில் ஏன் பாடவில்லை என்பதற்கும் விடை கிடைத்தது.

16எக்ஸில் ஒரு தட்டுக்கு நான்கரை நிமிடம். 52இல் எழுதினால் இரண்டு நிமிடம் சொச்சம். 58 தட்டுக்கும் சேர்த்து மிச்சமாவது இரண்டு மணி நேரம். கட்டம் போட்டுத் தட்டில் பெயர் எழுதவே மாமாவுக்கு ஒரு தட்டுக்கு மூன்று நிமிடம் பிடித்தது, அதனால் பர்னர்தான் அவருக்காகக் காத்திருந்தது.

நான்கு தட்டையும் கணினியிலேயே வைத்துப் பார்த்துத் திருப்திப்படக் கூடாது என்று கோயில் விசிடி பிளேயருக்குக் கொண்டு போனேன். சுற்றுவட்டாரத்தில் அதைவிடப் பழைய பெட்டி கிடையாது. அப்புறம் செம்பனைக் குலை ஏற்றும் சித்தப்பாவின் லோரி. அவருடைய பிளேயர் குழி விழுந்த மண் சாலையில் என்னென்ன பாடுபடும் என்பதைப் பார்த்தால்தான் தெரியும். 16எக்ஸ் தட்டு இரண்டிலும் பாடியது. 52எக்ஸ் தட்டு லோரியில் கடைசி இரண்டு பாட்டில் திக்கியது.

எழுதும் முறையில் ஒன்றே ஒன்று முக்கியம். டிஸ்க்-அட்-ஒன்ஸ். முதலிலிருந்து கடைசி வரை லேசரை நிறுத்தாமல் எழுதி, தட்டை மூடிவிட வேண்டும். மாமாவின் பஜனையில் ஒரு பாட்டு முடியும்போதே அடுத்த பாட்டுக்கு மிருதங்கம் தொடங்கிவிடும். தனித்தனியாக எழுதினால் நடுவில் இரண்டு நொடி அமைதி விழும், தட்டை மூட மறந்தால் பழைய பெட்டி தட்டையே பார்க்காது.

அக்கா கோயில் படம் போட்ட வட்டத் தாளை ஒவ்வொரு தட்டிலும் ஒட்ட ஆசைப்பட்டார். நான் விடவில்லை. லோரி டாஷ்போர்டு சூட்டில் பசை இளகினால் தட்டும் போகும், பிளேயரும் போகும். தாள் ஒரு மயிரிழை விலகி ஒட்டினாலும் சுற்றும்போது தட்டு ஆடும். படத்தை உறையில் அச்சடித்தோம். தட்டில் மார்க்கர் பேனா மட்டும். பால்பாயிண்ட் கூடவே கூடாது, ஏனென்றால் பாட்டு இருக்கும் படலம் தட்டின் மேற்பக்கம் ஒட்டியே இருக்கிறது, அதற்கு மேல் இருப்பது மெல்லிய அரக்குப் பூச்சு மட்டும். அடிப்பக்கம் கீறினால் மெருகேற்றிப் பிழைக்கலாம். மேற்பக்கம் கீறினால் அவ்வளவுதான்.

மூன்று மாலையில் வேலை முடிந்தது. வீணானது இரண்டு. ஒன்று இடியோடு மழை பெய்து கரண்டு போனபோது. பஃபருக்குக் காவல் உண்டு, கரண்டுக்கு ஏது! மற்றொன்று மாமா தட்டை ஓரத்தைப் பிடிக்காமல் உள்ளங்கையால் வாங்கி வைத்தது. அப்போது அவர் கையில் விபூதி.

பிறகு

திருவிழா முடிந்த வாரத்தில் மாமா மறுபடி செக்ரோலைத் திறந்து ஒவ்வொரு வீட்டுக்கும் போன் போட்டார். பாடியது என்று சொன்னால் ஐந்தாவது பத்தியில் "பாடியது" என்று எழுதுவார். ரவாங்கில் ஒரு வீட்டில் பாடவில்லை என்றார்கள். தட்டைத் தலைகீழாகப் போட்டிருந்தார்கள்.

பூச்சோங்கில் வந்த புகார்தான் எனக்குப் பாடம். மூன்று டிவிடி பிளேயர் வீடுகளில் ஒன்று அது. அதிலும் அவர்களுடையது முதன்முதலில் வந்த விலை உயர்ந்த மாடல், வெளிநாட்டிலிருந்து யாரோ கொண்டு வந்தது. 58 பெட்டியில் அதிக விலை கொடுத்தது அதற்குத்தான், அது ஒன்றுதான் எங்கள் தட்டைச் சீந்தவில்லை. யோசித்துப் பார்த்ததில் விளங்கியது. சிடி-ஆரின் சாயம் 780 நானோமீட்டர் லேசருக்கென்று செய்தது. டிவிடியின் லேசர் 650. ஆரம்பகால டிவிடி பிளேயர்கள் சிலவற்றில் இந்த 650 மட்டும்தான் இருந்தது, அந்த வெளிச்சத்தில் சிடி-ஆர் சாயம் ஒளியைத் திருப்பி அனுப்பாமல் விழுங்கிவிடும். கடையில் வாங்கும் அச்சுச் சிடி அதே பெட்டியில் அழகாகப் பாடும். இதற்கு மருந்து சிடி-ஆர்டபிள்யூ. அதன் படலம் வேறு வகை. ஒளியைத் திருப்புவது குறைவு, அச்சுச் சிடி 70 சதவீதம் திருப்பினால் இது 15 முதல் 25 சதவீதம்தான். அதனால்தான் பழைய மினி கம்போக்கள் அதை வாசிக்காது. ஆனால் 650 லேசருக்கும் அது கண்ணில் படும். ஒரு சிடி-ஆர்டபிள்யூவில் எழுதி அனுப்பினோம். அந்த வரியிலும் "பாடியது" ஏறியது. என் கணக்கில் 58 பெட்டியும் பாட்டுச் சிடியை வாசிக்கும் என்று எழுதியது சரி, எழுதிய தட்டை எல்லாமே வாசிக்கும் என்று நினைத்ததுதான் பிசகு.

2006இல் டிவிடி பர்னர் விலை பாதிக்கும் கீழே இறங்கியதும் அக்கா ஒன்று வாங்கித் தீமிதி வீடியோவைப் போட்டார். இன்று யாராவது என்னிடம் இதே கேள்வியைக் கேட்டால் யூஎஸ்பியில் செருகும் மெல்லிய டிவிடி டிரைவ் ஒன்றை வாங்கச் சொல்வேன், சிடியும் அதில் எழுதும். இன்று யோசிக்க வேண்டியது தட்டைப் பற்றித்தான், நல்ல வெற்றுத் தட்டு கிடைப்பதே கஷ்டமாகிவிட்டது.

அந்த லைட்-ஆன் இன்னும் என்னிடம் இருக்கிறது. சித்தப்பா லோரித் தட்டைப் பல வருடம் வெயிலில் வைத்திருந்தார், அது பதினோராவது பாட்டோடு நின்றுவிடுகிறது. வீட்டு அலமாரியில் உறைக்குள் இருந்தவற்றில் நான் பார்த்த ஐந்தும் முழுக்கப் பாடுகின்றன.

மாமா காலமான பிறகு செக்ரோல் அக்காவிடம் இருக்கிறது. ஐந்தாவது பத்தியில் 57 வரியில் "பாடியது". ஒரு வரி காலி. அந்தக் குடும்பம் திருவிழாவுக்கு வரவில்லை. பாசிர் கூடாங் பக்கம் போய்விட்டார்கள் என்று கேள்வி, கொடுத்திருந்த போன் எண்ணும் மாறிவிட்டது. போன தைப்பூசத்துக்கு முதல் நாள் அக்கா அந்தத் தட்டை எடுத்துக் கொடுத்தார், பழைய கணினியில் போட்டேன். சி2 பூச்சியம். ஒன்பதாவது பாட்டின் நடுவில் மாமா இருமுவது கேட்கிறது. உறையின் மேல் அவர் கையெழுத்தில் பெயர் இல்லை, ஊர் இல்லை. நாலாவது லயம், ஏழாவது வீடு என்று மட்டும் இருக்கிறது.